டிகிரி காபியும் ஒரு கிளாஸ் ஒயினும்

'ஒரு கிளாஸ் ஒயினில் எத்தனை கலோரி?' போன வாரம் டெஸ்க்கில் எனக்குக் கிடைத்த ஸ்டோரி இது. எழுதி அனுப்பிவிட்டு, இரவே உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். விடிந்தால் தஞ்சாவூர். அப்பாவுக்கு சுகர் இருப்பது மூன்று மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். அவரை ஸ்கூட்டரில் கூட்டிப்போவது என் பொறுப்பு.

"காபிக் கடையைப் பார்த்தா நிறுத்தச் சொல்லுவார். நீதான் பார்த்துக்கணும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார் அம்மா.

சுமார் 40 கிலோமீட்டர். தை மாதம், சம்பா அறுவடை நேரம். அய்யம்பேட்டை தாண்டியதும் அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை மொத்தமாக அடைத்துக்கொண்டு போனது. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல்கள். வைக்கோல் வாசனையோடு பாபநாசம் வரை வந்துவிட்டோம். அதற்குமேல் அப்பாவால் முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணுமா."

பித்தளை டவரா டம்ளரில் நுரையோடு வந்தது. தண்ணீர் கலக்காத, டிகிரி பார்த்த பால் என்பதால்தான் 'டிகிரி' காபி என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். 100 மில்லி பாலுக்குச் சுமார் 65 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40. டிகாஷனில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆக, 100-ஐத் தாண்டுகிறது. 150 மில்லி ஒயினுக்குச் சுமார் 120!

ஒயினில் இனிப்பே தெரியாவிட்டாலும் கலோரி குறையாது. திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்றால், ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7. ஒரு கிளாஸில் ஆல்கஹால் மட்டும் சுமார் 15 கிராம் இருக்கும். அதிலேயே 100 கலோரி வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாராகும் ஒயின் பாட்டில்களில் கலோரி அளவைப் போட்டே ஆக வேண்டும். பித்தளை டம்ளரில் யார் போடுவது?

"கலோரில பார்த்தா, ஒரு காபி கிட்டத்தட்ட ஒரு கிளாஸ் ஒயின்ப்பா" என்றேன்.

"அப்ப இத்தனை வருஷமா தினம் நாலு கிளாஸ் அடிச்சிட்டு இருந்திருக்கேனா? உங்க அம்மாகிட்ட சொல்லிடாத."

(கலோரி ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. சில சுகர் மாத்திரைகளோடு மது சேர்ந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இதையும் அந்த ஸ்டோரியில் எழுதியிருந்தேன்.)

அடுத்த நிமிஷம், நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கையில் இருந்த டம்ளரைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார் அப்பா. "தம்பி, இதைப் பொண்ணுக்குக் குடுங்க. எனக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு." வந்ததை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை விடவில்லை.

கல்யாணப் பந்தியில் அசோகா அல்வா வந்தது. பயத்தம்பருப்பு, நெய், சர்க்கரை. நெய் என்றால் கிராமுக்கு 9 கலோரி. நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்கு வேண்டாம், பொண்ணு இலையில வைங்க" என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது.

பின்னாலேயே பாயச வாளி வந்தது. அப்போது மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.