கீபோர்டுக்குப் பின்னால் இருக்கும் பெண்

ஆடி பிறந்துவிட்டால் திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் ஓயாது. அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடிப் பிழைத்தவர். தாயோடு கோரஸில் நின்றுதான் மகளும் தொழிலுக்குள் வந்தார். அம்மன் பாட்டுக்கு ஈஸ்வரி காசு வாங்கினார் என்று தெரிந்ததால், தீச்சட்டி ஏந்துகிறவரின் உருக்கம் துளியும் குறைந்துவிடவில்லை. ஆனால், குடும்பமாகப் பாடும் கிறிஸ்தவக் குழுவில், அப்பா முன்னால் நின்று பாட, அம்மாவும் தம்பியும் சேர்ந்துகொள்ள, கீபோர்டும் வாசித்துத் தானும் பாடுகிற மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் காசு என்ற சொல் வாயில் வர மறுக்கிறது. ஊழியம் என்கிறோம். ஊழியம்தான், யார் இல்லை என்றது? ஆண்டுக்கணக்கில் பழகினால் மட்டுமே கைவருகிற வேலையும்கூட. அந்த வேலைக்குக் கணக்கு வைக்க வேண்டும்.

பட்டனைத் தட்டினால் தாளம் தானாக ஓடுகிறது, இதில் என்ன பெரிய வேலை என்பார்கள். தாளம் ஓடும், சபை அதோடு ஓடாது. சபைப் பாடல்களில் பாமாலை மேல்நாட்டு மெட்டு, நான்கு குரலுக்கு எழுதியது, கார்டு மாறுகிற இடம் முன்பே முடிவானது. கீர்த்தனை அப்படியில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தந்துவிட்டுப் போன பாட்டுகள் ராகத்தையும் தாளத்தையும் நம்பி நிற்பவை. கீபோர்டின் கட்டையை அழுத்தினால் சுரம் அசையாமல் அங்கேயே நிற்கும். ஆர்மோனியத்துக்கும் இதே குறைதான். அதைச் சொல்லித்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940இல் ஆர்மோனியத்தை வெளியே தள்ளியது, 1971 வரை உள்ளே விடவில்லை. ஆகவே கீர்த்தனை வந்தால் வாசிக்கிறவள் கையைக் குறைத்து, சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அசைவையெல்லாம் குரலுக்கு விட்டுவிட வேண்டும். அடுத்தது பாமாலையென்றால் பத்து விரலும் வேண்டும். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருப்பது முதல் பாட்டின் அனுபல்லவியிலேயே அவள் காதில் விழுந்துவிடும். இரண்டாம் பாட்டு அறிவிப்பதற்குள் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொட்டு அரைக் கட்டை இறக்கியிருப்பாள். யாரும் கவனிக்க மாட்டார்கள், அப்பா உட்பட. ஜெபம் தொடங்கினால் கை நிற்காது, ஒலி மட்டும் கரையும். இத்தனையும் தன் ஆல்டோவைப் பாடிக்கொண்டே.

குடும்பத்துக்குள் கூலி கேட்பதா என்பது அடுத்த கேள்வி. பாடுவதையே குலத்தொழிலாகக் கொண்டு பல தலைமுறை வாழ்ந்தது சாஸ்திரியாரின் வம்சம். அவரையே சரபோஜி மன்னர் ஆதரித்தார். அதனால் அந்தப் பாட்டின் பக்தி கெட்டதாக எவரும் சொன்னதில்லை. மறுபக்கத்துக்கு அமெரிக்காவில் கிறிஸ்தவப் பாட்டுப் பாடிய வார்டு பாடகியர் குழுவைப் பார்க்கலாம். தாய் கெர்ட்ரூடு, மகள்கள் வில்லா, கிளாரா. பியானோவில் உட்கார்ந்து பாட்டை அமைத்து, முன்குரலும் கொடுத்தவர் கிளாரா வார்டு (1924–1973). பாடகி அரீதா பிராங்ளின் அவரைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் குழுவில் அதிகாரமும் பணமும் தாயின் பிடியில் இருந்ததை வில்லாவே பிற்பாடு புத்தகமாக எழுதினார். அன்பு இருக்கிற வீட்டில் கணக்கு எதற்கு என்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

சின்னச் சபையில் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. வாடகைக் கட்டடத்தில் கரண்ட் பில் கட்டுவதே பாடு. சம்பளம் முடியாதென்றால் டிரினிட்டி இசைக் கிரேடு தேர்வுக் கட்டணத்தையாவது சபை ஏற்கலாம். கன்வென்ஷன் நோட்டீஸில் அப்பாவின் படத்துக்குக் கீழே 'குழுவினர்' என்று போடும் இடத்தில் அவள் பெயரைப் போடலாம், அச்சுக்கூலி ஏறப்போவதில்லை. இதைக்கூடச் செய்யாத குழுவுக்கு விஷயம் புரிவது, அவள் கல்யாணமாகி ஆவடிப் பக்கம் போன மறு ஞாயிற்றுக்கிழமை. பாட்டு நோட்டு அங்கேயே இருக்கும். அப்பாவுக்கு எந்தப் பாட்டு எந்த ஸ்கேலில் என்பது மட்டும் அதில் எழுதியிருக்காது.