கம்பெனி மென்பொருளும் மடி கட்டிய ஆடும்



பழைய கைப்பேசியை விற்பதற்கு முன் 'ரீசெட்' செய்துவிட்டால் அது வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பிவிடும் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். எந்த மாற்றமும் செய்யப்படாத கைப்பேசிக்கு அது ஏறத்தாழ உண்மைதான். இயங்குதளத்தையே மாற்றிய கைப்பேசிக்கு அது பொருந்தாது. ரீசெட் என்பது வீட்டிலுள்ள சாமான்களை வெளியேற்றுவது போன்றது. சுவரை இடித்து வேறுவிதமாகக் கட்டியிருந்தால் அந்தச் சுவர் அப்படியே நிற்கும். தயாரித்த நிறுவனம் ஏற்றித்தந்த மென்பொருளை மறுபடியும் ஏற்றினால்தான் பழைய சுவர் வரும். அதன் பின்னும் திரும்பாத ஒன்று உண்டு. அதனால் எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ராத்தாவின் மகன் பொறியியல் படிக்கிறான். அவனிடம் இருந்தது 2019இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்10. ஆண்ட்ராய்டு 9உடன் வந்த அந்தக் கருவிக்குப் பதிப்பு 12உடன் புதிய ஆண்ட்ராய்டு வருவது நின்றுவிட்டது. கருவி திடமாக இருக்க, மென்பொருள் மட்டும் மூப்படைவதை அவன் ஏற்கவில்லை. பூட்லோடர் என்னும் வாயிற்பூட்டைத் திறந்து, தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் லினியேஜ் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டான். இதை ஏதோ திருட்டுத்தனம்போல் பேசும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் பொருளைத் தனக்கு வேண்டியபடி மாற்றினான். குப்பைக்குப் போகவிருந்ததற்கு ஆயுளைக் கூட்டினான். வீண்விரயத்தைக் கண்டிக்கும் நாம் இதைப் பாராட்டவே வேண்டும்.

பிறகு தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய நாள் நெருங்கியது. கைப்பேசியை விற்பதென்று முடிவெடுத்தான். வாங்க முன்வந்தவர் எங்கள் முஹல்லா பள்ளிவாசலின் மோதினார். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளோடும் பேத்தியோடும் முகம் பார்த்துப் பேச நல்லதொரு கைப்பேசி அவருக்குத் தேவைப்பட்டது. விலை 9,000 ரூபாய் என்று பேசினார்கள். கம்பெனி நிலையிலேயே தருகிறேன் என்று மருமகன் சொல்லியிருந்தான். அதற்குரிய ஓடின் என்ற மென்பொருள் விண்டோஸ் கணினியில் இயங்குவது. அது என் வீட்டில் இருந்ததால் என்னிடம் வந்தான்.

இவ்வேலை கடினமானதன்று, ஆனால் வரிசை தவறக்கூடாது. முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமித்தோம். கூகுள் கணக்கை முறையாக நீக்கினோம்; இல்லையேல் வாங்கியவரிடம் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கருவி கேட்டுக்கொண்டு நிற்கும். பின்னர் மாதிரி எண்ணைச் சரிபார்த்தோம். எஸ்10 என்ற ஒரே பெயரில் அமெரிக்காவில் விற்றதன் சில்லு வேறு, இந்தியாவில் விற்றதன் சில்லு வேறு. ஒன்றின் மென்பொருள் மற்றதற்கு ஆகாது. இங்கே விற்றது எஸ்.எம்.-ஜி973எஃப், இந்தியாவுக்கான குறியீடு ஐ.என்.எஸ். இன்னொன்றையும் பார்க்கவேண்டும். மென்பொருள் பதிப்புப் பெயரின் இறுதியிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் எழுத்தோ எண்ணோ பூட்லோடரின் படிநிலையைக் காட்டும். கருவியில் இருப்பதைவிடக் கீழ்ப்படியில் உள்ளதை ஏற்ற முயன்றால் கருவி மறுத்துவிடும்.

பல ஜி.பி. அளவுள்ள அந்தக் கோப்பு எங்கள் இணைய வேகத்தில் இறங்கி முடிவதற்குள் மஃக்ரிபும் இஷாவும் கடந்துவிட்டன. பிரித்தால் பி.எல்., ஏ.பி., சி.பி., சி.எஸ்.சி. எனப் பகுதிகள் வரும். ஓடினில் அவற்றுக்குரிய கட்டங்களில் ஒவ்வொன்றையும் வைக்கவேண்டும். சி.எஸ்.சி.யிலேயே இரண்டு உண்டு: ஹோம் என்று தொடங்குவது பழைய தரவுகளை விட்டுவைக்கும், மற்றது துடைத்துவிடும். விற்கும் கருவி என்பதால் துடைப்பதையே தேர்ந்தோம். கருவியை அணைத்து, பிக்ஸ்பி பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி கம்பியைச் செருகியதும் டவுன்லோட் நிலை திறந்தது. சில நிமிடங்களில் ஓடின் பச்சை நிறத்தில் 'பாஸ்' என்றது. அசல் மென்பொருள் சரியாக இயங்குவதைக் கண்ட பின்னரே பூட்லோடரைப் பூட்டினோம். மாற்று மென்பொருள் உள்ளே இருக்கும்போதே பூட்டிவிட்டால் கருவி இயங்க மறுக்கும். இணையத்தில் உதவி கேட்டுப் புலம்புவோரில் பலர் இந்த இடத்தில்தான் சிக்கியவர்கள்.

பூட்டுவதற்காக டவுன்லோட் திரைக்குச் சென்றபோதுதான் பொடி எழுத்தில் இருந்த அந்த வரியைக் காட்டினான். உத்தரவாதம் நீங்கியதைச் சொல்லும் வரி அது. சுழியம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. சாம்சங் 2013இல் அறிமுகப்படுத்திய நாக்ஸ் பாதுகாப்பு ஏற்பாட்டில், சில்லுக்குள்ளேயே மின்னணு ஃபியூஸ் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அங்கீகாரமற்ற மென்பொருள் முதன்முறை ஏறும்போது அது எரிந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதை மறுபடி சேர்க்க முடியாது. இதன் விளைவாக சாம்சங் வாலட்டின் பணம் செலுத்தும் வசதியும், செக்யூர் ஃபோல்டர் என்னும் மறைவுப் பெட்டியும் இனி அதில் இயங்கா. அழைப்பு, காணொளி எல்லாம் பழுதின்றி இயங்கின. வங்கிச் செயலி ஒன்றையும் நிறுவிப் பார்த்து நீக்கினோம், அதற்கும் தடையில்லை.

"மாமா, இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? இந்த இரண்டையும் அவர் தொடவே போவதில்லை. சொன்னால் வீணாகக் குழம்புவார்" என்றான்.

அவன் வாதத்தை நான் இலேசாக எண்ணவில்லை. வாங்குபவருக்குத் தேவையே இல்லாத ஒன்று எப்படிக் குறையாகும்? ஆனால் ஃபிக்ஹு நூல்கள் 'அய்ப்' எனப்படும் குறையை வாங்குபவரின் தேவையை வைத்து மட்டும் அளப்பதில்லை. அந்தப் பொருளின் வணிகர் வழக்கில் விலையைக் குறைப்பது எதுவோ அதையும் குறையென்றே கொள்கின்றன. "நாளை மோதினார் இதை விவரமறிந்த கடைக்காரர் ஒருவரிடம் விற்கப்போனால் அவர் இந்த வரியைப் பார்த்து விலையைக் குறைப்பாரா?" என்று கேட்டேன். சற்றுநேரம் பேசாதிருந்து, "குறைப்பார்" என்றான்.

விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்த ஆட்டைக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் அதை வைத்துக்கொள்ளலாம்; இல்லையேல் ஒரு ஸாஉ பேரீத்தம்பழத்துடன் திருப்பித் தரலாம். அந்த ஆட்டில் நோய் ஒன்றுமில்லை; பாலும் உண்மையான பால்தான். இல்லாத ஒன்றை இருப்பதாக மடியின் தோற்றம் பேசுவதே அங்கே பிரச்சினை.

எங்கள் கைப்பேசியிலும் அதுதான் நிகழ்ந்திருந்தது. மாற்று மென்பொருள் இருந்தவரை, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பூட்லோடர் திறந்திருப்பதாக எச்சரிக்கை தோன்றும். கருவியே தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அசல் மென்பொருளை ஏற்றிப் பூட்டியதும் அந்த எச்சரிக்கை மறைந்து, கடையில் வாங்கியதுபோல் நிறுவனத்தின் பெயர் மட்டும் ஒளிர்ந்தது. இந்தச் சீரமைப்பு வாங்குபவருக்கு நன்மையானதே. பூட்டில்லாத கருவியை ஒரு முதியவரிடம் கொடுப்பது முறையன்று. ஆயினும் இதுவரை திரை சொன்னதை இனி விற்பவன் நாவுதான் சொல்லவேண்டியிருந்தது.

மறுநாள் இஷாவுக்குப் பின் பள்ளி வராந்தாவில் மருமகன் எல்லாவற்றையும் சொன்னான். விலையையும் அவனாகவே 7,500 என்று குறைத்தான். மோதினார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எரிந்துபோனது என்கிறாயே தம்பி, பேசும்போது காதில் சுடுமா?" என்றார்.

"சுடாது ஹஜ்ரத். அது ஓர் அடையாளம் மட்டும்தான்."

"அப்படியானால் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறேன். பிடித்தால் பணம், இல்லையென்றால் பொருள்."

மருமகன் சம்மதித்தான். கட்டணத்தில் குறைந்த 1,500 ரூபாய்க்கு, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்திருந்த காசை எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் லுஹருக்குப் பின் மோதினார் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பேத்தியின் முளைத்துவரும் பல்கூடத் திரையில் தெரிகிறதாம், அல்ஹம்துலில்லாஹ். பாங்கு சொல்லும்போது மணியடிக்காமல் கைப்பேசியை அடக்கிவைப்பது எப்படி என்பதை மட்டும் அவருக்கு இன்னும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.