முப்பத்திரண்டு அங்குலத் தந்தி

பேஸ் கிற்றாரில் தந்தி அதிரும் நீளம், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் 'நட்' என்ற சிறு தடுப்பிலிருந்து உடலின் மேலுள்ள 'பிரிட்ஜ்' என்ற குதிரை வரையான தூரம், அந்த வாத்தியத்தின் ஸ்கேல் எனப்படுகிறது. 34 அங்குலமுள்ளது லோங் ஸ்கேல். 30 அங்குலத்தை ஒட்டியது ஷோர்ட் ஸ்கேல். இரண்டுக்கும் நடுவே 32 அங்குலத்தில் நிற்பது மீடியம் ஸ்கேல். முன்னைய இரண்டுக்கும் தெளிவான வம்சவரலாறு உண்டு. 1930களில் சியாட்டிலில் போல் டட்மார்க் விற்ற ஓடியோவொக்ஸ் மின் பேஸ் 30 அங்குலத்தைச் சற்றே தாண்டியது. 1951இல் லியோ பெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் 34 அங்குலம். 1953இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்தது முப்பதரை. போல் மக்கார்ட்னியின் கையில் உலகம் பார்த்த ஹொப்னர் 500/1, அதாவது வயலின் வடிவ பேஸ், 30 அங்குலம். முப்பத்திரண்டுக்கோ இப்படிப் பெருமையாகச் சுட்டிக்காட்ட ஒரு மூதாதை இல்லை. 1980களில் ஜப்பானில் செய்யப்பட்ட பெண்டர் வகைகள் சிலவற்றிலும், கலிபோர்னியாவின் பிலிப் குபிக்கி அதே பத்தாண்டில் உருவாக்கிய பெக்டர் பேஸிலும் இந்த அளவு காணப்படுகிறது என்பதோடு ஆதாரம் மெலிந்துவிடுகிறது.

மன்னார் உப்புக்குளத்தில் ஒரு குடும்பத்தின் வசமுள்ள, தலையில் தயாரிப்பாளர் பெயர் தேய்ந்துபோன இந்த அளவு பேஸ் ஒன்றே இத்தேடலுக்குக் காரணம். கட்டுரையாளரின் தாய்மாமன் கலியாண வீடுகளில் பைலா என்ற ஆடலிசைக்கு வாசித்த அந்த வாத்தியம் முதலில் முழு நீளமாயிருந்தது என்றும், மாமாவின் கை கட்டை என்பதால் ஒரு தச்சர் கழுத்தை அறுத்துக் குறுக்கிக் கொடுத்தார் என்றும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. மாமாவைக் கேலி செய்வதற்கென்றே அது ஒவ்வொரு பெருநாளிலும் சொல்லப்படுவதுதான் கட்டுரையாளருக்கு எரிச்சல். கை சிறுத்தவர்களுக்காகவே மீடியம் ஸ்கேல் பிறந்தது என்ற பொதுவான நம்பிக்கையின் வீட்டுப் பதிப்பு அது. அந்த பேஸுக்குப் புதுத் தந்தி வாங்கும் முன் கதையைத் தீர்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டதில்தான் நெடுநேரம் கழிந்தது.

கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகளை வீணைக்காரர் மெட்டு என்பர், கிற்றார் வாசிப்பவர் பிரெட் என்பர். அடுத்தடுத்த மெட்டுகளுக்கிடையே அரைச் சுரம் ஏறும்படி, எஞ்சிய நீளம் ஒவ்வொரு மெட்டிலும் ஏறத்தாழ 5.6 சதவீதம் குறைந்துகொண்டே போகும் விகிதத்தில் அவை அமைகின்றன. ஆகவே கழுத்தைக் கண்ட இடத்தில் அறுத்தால் அந்த விகிதம் குலைந்து சுருதி கெடும், எனவே தச்சர் கதை பொய் என்று ஒரே மூச்சில் தள்ளிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் சரியாக ஒரு மெட்டின் மேல் அறுத்து அங்கே நட்டை வைத்தால் எதுவும் குலையாது. 34 அங்குலக் கழுத்தை முதல் மெட்டில் அறுத்தால் மிஞ்சுவது 32.09 அங்குலம், இரண்டாவது மெட்டில் அறுத்தால் 30.29. லோங், மீடியம், ஷோர்ட் என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ அரைச் சுரத் தொலைவில் நிற்கும் உடன்பிறப்புகள் என்பதை இந்தக் கணக்கு காட்டியபோது, கேலிக் கதை திடீரென நடந்திருக்கக்கூடியதாக மாறிவிட்டது. அளவுநாடாவும் உதவவில்லை: நட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையான தூரம் ஸ்கேலின் பாதி என்பதால், பிறவியிலேயே 32 ஆனதற்கும் அறுத்துக் குறுக்கியதற்கும் அங்கே உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான், தேய்ந்த நட்டின் விளிம்பில் அதை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

தீர்ப்புச் சொன்னவை கழுத்திலுள்ள வெள்ளைப் புள்ளிகள். வாசிப்பவர் கண்ணுக்கு வழிகாட்ட மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் இடங்களில் ஒற்றைப் புள்ளியும் பன்னிரண்டில் இரட்டைப் புள்ளியும் பதிப்பது வழமை. முதல் மெட்டை இழந்த கழுத்தில் அவை இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பதினொன்றுக்கு நகர்ந்திருக்க வேண்டும். உப்புக்குளத்து பேஸில் அவை நகரவில்லை. வாத்தியம் தொழிற்சாலையிலேயே முப்பத்திரண்டாகப் பிறந்தது. தச்சரும் மாமாவின் கையும் குற்றமற்றவர்கள்.

கதை விழுந்தாலும் கணக்கு மிஞ்சியது, அதுவே தேடலைத் தந்தியின் பக்கம் திருப்பியது. ஒரே தந்தி ஒரே சுரத்தில் நிற்க வேண்டுமாயின் அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது 17ஆம் நூற்றாண்டில் மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி வகுத்த விதிகளிலிருந்து பெறப்படுவது. 34 அங்குலத்தில் இறுக்கமாயிருக்கும் தந்தி 32இல் 11 சதவீதம் தளர்கிறது. லோங் ஸ்கேல் பேஸை அரைச் சுரம் இறக்கி, முதல் மெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் பூட்டினால் கிடைப்பதும் இதே தளர்வுதான் என்பதால், மீடியம் ஸ்கேலைக் கண்ணால் காணாதவரும் அதன் தந்தி விரலுக்கு எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே அறியலாம். நான்கு தந்திகளில் மிகத் தடித்ததும் தாழ்ந்ததுமான ஈ தந்தி, நொடிக்கு 41 தடவை மட்டுமே அதிர்வதால், தளர்ந்தால் மெட்டில் மோதிக் கடகடக்கும். தந்தியின் தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஈ தந்தியை 100க்குப் பதில் 105ஆக எடுத்தால் இழந்த இழுவிசை ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கோடு கொழும்புக் கடையொன்றில் கேட்டபோது நீட்டப்பட்ட பொதியில் மீடியம் என்றே அச்சிட்டிருந்தது. "மீடியம் எண்டுதானே தம்பி போட்டிருக்கு, பிறகென்ன?" என்ற விற்பனையாளர் கடைசிவரை இறங்கிவரவில்லை. பொதியில் மீடியம் எனப்பட்டது தடிப்பு, நீளம் அன்று. டடாரியோ நிறுவனத்தின் பெயரிடலில் இது தெளிவாகும்: இஎக்ஸ்எல்160 என்பது 50 முதல் 105 வரையான மீடியம் தடிப்புத் தொகுதி, ஆனால் அது லோங் ஸ்கேலுக்குரியது; எண்ணின் பின்னால் எம் என்ற எழுத்து ஒட்டியிருந்தால்தான் நீளமும் மீடியம்.

நீளம் தவறினால் நேர்வது இது. பேஸ் தந்திகள் பலவற்றில் உள்கம்பியின் மேல் சுற்றுக்கம்பி ஓடி, நுனிக்குச் சற்று முன்னால் முடிந்து, அங்கிருந்து பட்டு நூல் சுற்றப்பட்டிருக்கும். சுற்றுக்கம்பி நட்டைத் தாண்ட வேண்டும். சுருதி கூட்டும் கீயின் தண்டில் சுற்றிக்கொள்வது மெலிந்த பட்டுப் பகுதியாயிருந்தால் நல்லது. மீடியம் தந்தியில் சுற்றுக்கம்பியின் நீளம் ஏறத்தாழ 34 அங்குலம். ஷோர்ட் தந்தியில் அது 32 அளவில் முடிவதால், 32 அங்குல பேஸில் பட்டு நூல் நட்டுக்கு உள்ளேயே வந்து ஒலியை மந்தமாக்கிவிடும். லோங் தந்தியில் நேர்வது மறுபக்கத் தொல்லை, அதுவும் எல்லாத் தந்திக்கும் அன்று: நான்கு கீயும் ஒரே வரிசையிலுள்ள தலையில் ஈ தந்தியின் கீ நட்டுக்கு மிக அருகில் இருப்பதால், தடித்த பகுதி தண்டில் வளைய நேர்வது பெரும்பாலும் அதற்கே. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்தி அந்த வளைவை ஓரளவு தாங்கும். தட்டை நாடா சுற்றிய பிளாட்வவுண்ட் தந்தியில் சுற்று வெடித்துப் பிரியக்கூடும். மிஞ்சிய நுனியை வெட்டுமுன் வெட்டுமிடத்துக்கு இப்பால் செங்கோணமாக மடிப்பது அவசியம், இல்லையேல் சுற்று உள்கம்பியில் வழுக்கித் தந்தி உயிரிழக்கும்.

ஸ்கேலை மட்டும் நம்பியும் தந்தி வாங்க முடியாது என்பதற்கு ஹொப்னரே சாட்சி. அதன் ஸ்கேல் 30தான். ஆயினும் தந்திகள் பிரிட்ஜைத் தாண்டி உடலின் அடியிலுள்ள கொக்கித் தகட்டில் பூட்டப்படுவதால், வழமையான ஷோர்ட் தொகுதி அதற்குப் போதாது. ஆகவே அளக்க வேண்டியது தந்தியின் அடியிலுள்ள பித்தளை உருளை பொருந்தும் இடத்திலிருந்து நட் வரையான தூரம். அதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாகச் சுற்றுக்கம்பி ஓடும் தொகுதியே சரியானது. மாமாவின் பேஸில் அந்தத் தூரம் முப்பத்து மூன்றேகால் அங்குலம், ஆகவே எம் எழுத்துள்ள தொகுதி கச்சிதமாகப் பொருந்தும்.

உலோகம் எது என்ற கேள்வியைச் சிக்கலாக்கியது மன்னார்த் தீவின் காற்று. நிக்கல் பூசிய உருக்குத் தந்தியின் ஒலி இதமானது, பைலாவுக்கு அதுவே உகந்தது என்பது கட்டுரையாளரின் கருத்து; ஆனால் பூச்சு விரல்பட்டுத் தேய்ந்ததும் உப்புக்காற்று உள்ளிருக்கும் உருக்கைப் பிடித்துக்கொள்ள, வாசிக்காமல் சுவரில் மாட்டிவைத்தாலும் கறள் ஏறும். துருப்பிடிக்காத உருக்கில் சுற்றிய தந்தி விரலையும் மெட்டையும் கூடுதலாக உராய்ந்தாலும் கடலோரத்தில் நீடிக்கும். மாமாவுக்கு அதன் கூரிய ஒலி பிடிக்கவில்லை. நிக்கல் தொகுதியையே வாங்கி, வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, உறையிலிட்டு மூடிவைப்பது என்று முடிவாயிற்று.