உப்புத்தாள்

ரெஸ்டோர் செய்தேன் என்றுதான் இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பொய். ஒரு நல்ல பில்லியர்ட்ஸ் கியூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கெடுத்தேன். அதுவும் தெரிந்தே.

லண்டன் பரோஸ் அண்ட் வாட்ஸ் கம்பெனியின் கியூ. 1836-இல் தொடங்கிய கம்பெனி; நம் பழைய கிளப்புகளில் அதன் மேசைகளை இன்றும் பார்க்கலாம். முன்பக்கம் ஆஷ் மரம், பிடி கருங்காலி. இரண்டும் சேரும் இடத்தில் கருங்காலி நாலு நாக்காக நீண்டிருக்கும். மெஷினில் வெட்டியது என்றால் நாலும் ஒரே உயரத்தில் ஊசிமுனையாக நிற்கும். இதில் முனைகள் மழுங்கி, ஒன்று கொஞ்சம் ஏறி, ஒன்று இறங்கியிருந்தன. கையால் இழைத்துச் சேர்த்தது. அடியில் எடையை அவுன்ஸ் கணக்கில் குத்தியிருந்தார்கள்.

கொடுத்தவர் மலைக் கிளப் ஒன்றில் மார்க்கராக இருந்தவர். 1875-இல் ஜபல்பூரில் பிறந்த ஸ்நூக்கருக்கு ஊட்டி கிளப்பில்தான் விதி எழுதினார்கள் என்று நாம் பெருமை பேசுவோம். பந்தை எடுத்து வைத்து, ஸ்கோர் சொல்லி, மெம்பர்கள் கிளம்பிய பிறகு ஆடிப் பழகிய மார்க்கர்களை அந்தப் பெருமையில் சேர்ப்பதில்லை. எனக்கு மேசை முன் நிற்கக் கற்றுக்கொடுத்தவரே அந்த மார்க்கர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கியூவை என்னிடம் நீட்டி, "டிப் தேஞ்சா மாத்திக்க தம்பி. மத்தபடி கை வைக்காத" என்றார். ஸ்டாண்டில் யாரும் மாற்றி எடுத்துவிடாமல் இருக்க, பிடியில் சூடு காட்டிய ஊசியால் மூன்று புள்ளி வைத்திருந்தார்.

டிப் தோல்தானே, தேயத்தான் செய்யும், மாற்றலாம். நுனியில் உள்ள பித்தளை வளையம், ஃபெரூல், விண்டால் அதையும் மாற்றலாம். ஆடுகிற கியூவுக்கு இது குற்றமில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். மரத்தைத் தொடுவது வேறு கதை. அமெரிக்காவில் ஜார்ஜ் பலபுஷ்கா செய்த பூல் கியூக்களைச் சேகரிப்பவர்கள் பிடியில் சுற்றிய பழைய லினன் நூலை மாற்றவே யோசிப்பார்கள் என்று படித்திருந்தேன். 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பலபுஷ்கா என்று காட்டுவது உண்மையில் ஜாஸ் கம்பெனி கியூதான் என்று மேசையோரம் ஆள் பிடித்து உட்கார்த்திச் சொல்கிறவனும் நான்தான். ஆகவே அறியாமை என்று தப்பிக்க வழியில்லை.

பிறகு ஏன்? நான் ஆடப் போன புது இடத்தில் எல்லோரும் பெட்டியைத் திறந்து பளபளவென்று எடுத்தார்கள். என்னுடையது கறுத்துக் கிடந்தது. சாக் பொடியும் வியர்வையும் ஏறிய கறுப்பு. ஒரு மார்க்கரின் கை அழுக்கு. அதைப் பத்துப் பேர் பார்க்கப் பிடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

தேய்க்கத் தேய்க்க முதலில் பழுப்பாகத் தூள் வந்தது, பிறகு வெள்ளையாக. வெள்ளையைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. நுனியில் நகத்தை ஓட்டினால் ஃபெரூல் விளிம்பில் இடித்தது. மரம் பித்தளைக்குக் கீழே இறங்கியிருந்தது. உடனே நிறுத்தியிருக்க வேண்டும். நான் ஃபெரூலை அரம் போட்டுச் சமமாக்கினேன். பிடியில் பதித்திருந்த கம்பெனித் தகட்டின் எழுத்து பாதி போயிற்று. மூன்று புள்ளியும் போயிற்று.

"பி.யூ. பாலிஷ் அடிச்சா கண்ணாடி மாதிரி நிக்கும் சார்" என்றார் தச்சர். நின்றது. ஆனால் இடது கைமேல் வைத்துத் தள்ளினால் ஒட்டி ஒட்டி நகர்ந்தது. அதை எடுக்க மறுபடி உப்புத்தாள். நுனி மெலிந்து, அடித்தால் அதிர்ந்தது. அடியில் குத்திய எடைக்கும் கியூவுக்கும் இப்போது சம்பந்தமில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஆளி விதை எண்ணெய் கொஞ்சம் தடவியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

மார்க்கர் காலமான பிறகு அவருடைய மகன் வந்தார். அப்பாவின் கியூவை ஒருமுறை பார்க்கலாமா சார் என்று கேட்டார். கொடுத்தேன். "புதுசு மாதிரி இருக்கே சார்" என்றவர், பிடியைத் திருப்பித் திருப்பிக் கட்டைவிரலால் எதையோ தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். "செல் அரிச்சிருந்தது, தேய்க்க வேண்டியதாப் போச்சு" என்றேன். கருங்காலியைச் செல் அவ்வளவு எளிதில் அரிக்காது. அவர் மர வேலை தெரிந்தவர். தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர். நேரில் வந்து சொல்லத் துணிவில்லாமல்தான் இங்கே எழுதியிருக்கிறேன் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.