கூடையில் மண் சுமந்த தோட்டம்

ஊட்டிக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? குளிர் விலகும் சமயத்தில் போயிருந்தால், சோலைக்காட்டு ஓரத்தில் செக்கச் செவேலென்று பூத்து நிற்கும் ஒரு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். காட்டுப் பூவரசு என்பார்கள். தாவர சாஸ்திரிகள் வைத்த பெயர் ரோடோடெண்ட்ரான். அந்த மரத்தின் அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட சகோதரர்கள் எல்லோரும் கும்பல் கும்பலாகக் கூடிப் பூத்திருக்கும் ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகப் போகிறேன். கம்பளிச் சட்டையை எடுத்துக் கொள்ளுங்கள், குடையும் வேண்டும். இடம் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரை. பூகோளப் படத்தில் விரலை வைத்துப் பார்த்தால், மாஸ்கோவுக்கும் வடக்கே போய்விடுகிறது!

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் பூ அல்ல, கருங்கல். என் மகள் இன்வர்னெஸ் நகரில் குடியிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு கொல்லை. முதல் வருஷம் வெண்டையும் கத்தரியும் விதைத்தாள். விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. மறு வருஷம் பீன்ஸ் முளைத்தது; காற்று அதைக் கசக்கிப் போட்டது. மிச்சத்தை நத்தை தின்றது. "போதும் அப்பா, இது ஒன்றும் முளைக்காத ஊர்" என்று சொல்லிவிட்டாள். நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்த மே மாதக் கடைசியில், கொல்லை முழுவதும் கல் பாவிவிட மாப்பிள்ளை விலை விசாரித்துக் கொண்டிருந்தார்.

என் மனைவி கல்லையும் பார்த்தாள், மகள் முகத்தையும் பார்த்தாள். "என்னங்க, இந்த ஊரில் நல்ல தோட்டம் என்று ஒன்றாவது இருக்காதா?" என்றாள். இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஒன்று இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. இன்வர்யூ என்று பெயர்.

வழி நெடுக மலை, பாறை, பழுப்புப் புல், செம்மறியாடு. மரத்தைக் காண்பது அபூர்வம். மரீ என்ற ஏரியை ஒட்டிப் பாதை செல்லுகிறது. அழகான பாதைதான், ஆனால் அது பிறந்த கதை அழகானதல்ல. 1846-ல் இந்த மலைநாட்டில் உருளைக்கிழங்குச் செடிகள் ஈரத்தில் பரவும் கருகல் நோயால் அழிந்தன. கிழங்கையே நம்பியிருந்த ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில், சாப்பாட்டுக்காக ஜனங்கள் வெட்டிய பாதை இது. அந்த வேலை நடக்க முயற்சி எடுத்தவர் கெய்ர்லாக் பிரபுவின் விதவை மனைவி.

அந்த அம்மாளின் பிள்ளைதான் நம் கதாநாயகர். ஆஸ்குட் மெக்கென்ஸி என்று பெயர். 1842-ல் பிறந்தவர். மூத்தவர்களுக்குப் போனபின் மூன்றாவது பிள்ளைக்கு என்ன சொத்து மிஞ்சும்? 1862-ல் தாயார் அவருக்கென்று வாங்கிக் கொடுத்தது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மொட்டைப் பாறை. அவ்வூர்க் கேலிக் பாஷையில் அதற்கு 'உயர்ந்த கட்டி' என்று அர்த்தம் வரும் பெயர். பாறை மேல் கொஞ்சம் கறுத்த ஊறல் மண். அதிலே குத்துச் செடிகள். மரம் என்று சொல்ல மூன்றடி உயரத்தில் ஒன்றிரண்டு வில்லோப் புதர்கள். அவ்வளவுதான்! நீங்களும் நானுமாயிருந்தால் வந்த வழியே திரும்பியிருப்போம். இருபது வயதுப் பிள்ளை, இங்கே தோட்டம் போடுகிறேன் என்றார்.

குளிர் அவருக்குப் பெரிய சத்துருவாக இருக்கவில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தில் தெற்கேயிருந்து ஓடிவரும் வெப்ப நீரோட்டம் இந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆகையால் உள்நாட்டில் உறைபனி கொட்டும்போதுகூட இங்கே கடும்பனி அதிகம் நிற்பதில்லை. மழையோ வருஷத்துக்குச் சுமார் 60 அங்குலம். சென்னையிலும் ஏறத்தாழ 55 அங்குலம் பெய்கிறதே என்பீர்கள். நமக்குச் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இங்கே வருஷம் முழுவதும் நசநசவென்று பெய்துகொண்டேயிருக்கிறது. ஆனாலும் மழையைவிடப் பொல்லாதது காற்று. உப்பைச் சுமந்துகொண்டு கடலிலிருந்து நேரே வந்து இளந்துளிரைச் சுட்டுவிடும்.

எனவே பூச்செடிக்கு முன்னால் காற்றுக்கு வேலி வைத்தார் மெக்கென்ஸி. முதல் காரியமாக ஆடு மாடு நுழையாமல் வேலி கட்டினார். பாறையின் வெளி விளிம்பில் பைன் மரக் கன்றுகளை நெருக்கமாக நட்டார். மண் போதாத இடத்துக்கு ஆட்கள் கூடையில் மண் சுமந்து வந்து கொட்டினார்கள். கூடை கூடையாக, முதுகில் கட்டிக்கொண்டு! அந்தச் சுமையாளிகளின் பெயர்கள் ஒரு பலகையிலும் என் கண்ணில் படவில்லை. முதல் நாலைந்து வருஷம் கன்றுகள் அசையவில்லை. மரங்கள் ஓங்கி நிஜமாகவே காற்றைத் தடுக்கப் பதினைந்து, இருபது வருஷம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் ஹிமாலயத்து ரோடோடெண்ட்ரானும், ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும், மரமாக வளரும் பெரணியும் உள்ளே வந்தன. யூகலிப்டஸைப் பார்த்ததும் என் மனைவி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து, "ஊட்டித் தைலம்!" என்றாள். கிள்ளக் கூடாது என்று பக்கத்தில் பலகை இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாதவன்போல் நின்றேன்.

கடலைப் பார்த்துத் தெற்கு முகமாய்ச் சரியும் காய்கறித் தோட்டம் ஒன்று இருக்கிறது. என் வீட்டுக் கட்சி முழுவதும் அங்கேதான் தங்கிவிட்டது. பின்புறம் உயர்ந்த கல் மதில். பகலில் வாங்கிய வெயிலை அது இரவில் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பிக் கொடுக்கிறது. கோஸும் பட்டாணியும் பூச்செடிகளோடு தோள் உரசி நிற்கின்றன. கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், செடிக்கு இரட்டைச் சம்பளம் மாதிரி இரட்டைப் பகல்!

அங்கே களையெடுத்துக் கொண்டிருந்த பெண்மணியிடம் மகள் தன் துக்கத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு விசாரித்தது ஒரு வைத்தியர் நாடி பார்ப்பது போலிருந்தது.

"கொல்லையைச் சுற்றி என்ன வேலி?"

"இடைவெளியே இல்லாத பலகை வேலி. காற்றுக்காகத்தான் வைத்தோம்."

அதுதான் தப்பு என்றாள் அவள். இடைவெளியில்லாத வேலியில் மோதும் காற்று மேலே ஏறிக் குதித்து, உள்ளே சுழன்று அடிக்கும். செடி வேலியோ பாதிக் காற்றை உள்ளே விட்டு, அதன் பலத்தை வாங்கிவிடும். காற்றுக்குச் சுவர் வேண்டாம், சல்லடை வேண்டும் என்று நான் தமிழில் பொழிப்புரை சொன்னேன்.

அடுத்து ஈரம். இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் முன்பு கிழங்கு போட்ட முறையை விவரித்தாள். கடற்பாசியைப் பரப்பி, இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே மேலே கவிழ்த்து மேட்டுப் பாத்தி கட்டுவார்கள். தண்ணீர் வாய்க்காலில் வடியும். வேர் மூச்சு விடும். ஆங்கிலத்தில் இதற்குச் 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயராம்! பெயர் வைத்தவர் ஒரு நாளும் மண்வெட்டி பிடித்திருக்க மாட்டார். விதையையும் ஈர மண்ணில் நேரே போடாமல், ஜன்னலோரத் தட்டில் முளைக்க வைத்து, மண் சூடு கண்டபின் நட வேண்டுமாம். "வெண்டை?" என்று மகள் இழுத்தாள். கண்ணாடிக் கூரை இல்லாமல் நடக்காது என்று தயவு தாட்சணியமின்றிச் சொல்லிவிட்டாள் அந்த அம்மாள்.

மெக்கென்ஸி 1922-ல் காலமானார். அதற்கு முந்திய வருஷம் தம் மலைநாட்டு நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டிருந்தார். 1914-ல் அவருடைய மாளிகை நெருப்பில் எரிந்து போயிற்று, தோட்டம் பிழைத்தது. அதைப் பிறகு காப்பாற்றியது அவருடைய ஒரே மகள். பெயர் மாரி! அவர்கள் பாஷையில் அது மேரி, நமக்கோ மழை. முப்பது வருஷம் பராமரித்து, 1952-ல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். மறு வருஷம் கண்ணை மூடினார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் புகுந்துவிட்ட பொடிக் கொசுக்கள் எங்களைப் பிடுங்கின. கண்ணுக்குத் தெரியாத அளவுதான்; கடி மட்டும் கண்ணீரை வரவழைக்கும். மகள் ஒன்றும் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது மட்டும், "அந்தக் கல் ஆசாமியிடம் பதில் சொல்லிவிட்டீர்களா?" என்று கணவரைக் கேட்டாள். "இன்னும் இல்லை" என்றார் அவர்.

ஆகஸ்டு மாதம் எங்கள் டெலிபோனுக்கு ஒரு படம் வந்தது. கொல்லையில் இரண்டு மேட்டுப் பாத்திகள், நடுவே வாய்க்கால். ஒன்றில் பட்டாணி, ஒன்றில் கோஸ். கோஸ் இலையில் நத்தை கடித்த ஓட்டைகள் பத்துக்குக் குறையாது. பலகை வேலியில் ஒன்றுவிட்டு ஒரு பலகை காணோம். அதை ஒட்டி ஈர மண்ணில் வெறுமனே குத்தி வைத்த ஐந்து வில்லோக் குச்சிகள் துளிர்த்திருந்தன. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அம்மாவிடம் சொல்லுங்கள், கறிவேப்பிலை மட்டும் சமையலறைக்குள்ளே இருக்கிறது."