ஆறு மூடியிருக்கும் மாதம்

பனி கரைந்து சென் லோறன்ஸ் ஆறு வெளிக்கத் தொடங்கியதும் எம்மவர்களின் கால்கள் தாமாகவே லஷீன் கரைக்குப் போய்விடும். மயிலிட்டியிலும் பாசையூரிலும் பருத்தித்துறையிலும் கடலைப் பார்த்து வளர்ந்த எமக்கு இந்தப் பெரிய தண்ணீரைக் கண்டால் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா?

நாம் வந்த முதல் வசந்தம். ஏப்ரல் கடைசியில் மூன்று குடும்பங்கள் சோற்றுப் பொதியுடன் அங்கு போனோம். மீன்பிடி அனுமதிப்பத்திரமும் கையில் இருந்தது. மத்தியானம் போல வயிறு புடைத்த பெரிய மீனொன்று தூண்டிலில் பட்டது. புளி கரைப்பதா, தேங்காய்ப்பால் விடுவதா என்று பேச்சுத் தொடங்கிவிட்டது. அப்போது பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் வந்து, தன் வயிற்றைத் தடவிக் காட்டி, "டோறே... மே, மே" என்றார். எமக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை. மீனையும் ஆற்றையும் மாறி மாறிக் காட்டினார். மனமில்லாமல்தான் விட்டோம்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஐஸ் கரைந்ததும் டோறே மீன்கள் ஆழங்குறைந்த, கல் நிறைந்த ஓடுநீரில் கூடி முட்டையிடும். கூட்டமாக நிற்பதால் பிடிப்பது சுலபம். ஆனால் ஒரு தாய் மீனோடு ஆயிரக்கணக்கான முட்டைகளும் போய்விடும். ஆகவே மொன்றியல் பகுதியில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை டோறே பிடிக்கக்கூடாது. பத்திரம் இருந்தாலும் தடைதான்.

தடை என்ற சொல்லே எமக்குக் கசக்கும். ஊரில் கடலை மூடியது பாதுகாப்பின் பெயரால், மீனுக்காக அல்ல. வள்ளங்கள் கரையில் கிடந்து வெடித்ததையும், அடுப்பு எரியாத வீடுகளையும் கண்டவர்கள் நாம். இங்கும் அப்படி ஏதோ ஒன்று என்றே முதலில் நினைத்தோம்.

ஆனால் காலத்தில் தடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. நியூபவுண்லாந்தில் கொட் மீனை வரம்பின்றி அள்ளியதால், 1992 யூலை 2 இல் அரசு வர்த்தக மீன்பிடியை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தனர். தடை நீங்கியது 2024 இல்தான். அங்கு வீட்டுச் சமையலுக்காகக் கடலில் தூண்டில் போடுவோருக்கும் குறிப்பிட்ட காலத்தில்தான் திறப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 மீன். எமக்குக் கிட்டிய சென் பியேர் ஏரியிலும் பெர்ஷோட் மீன் அருகியதால், 2012 இல் அதைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. 2017 இலும் 2022 இலும் அத்தடை நீடிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 2001 முதல் 45 நாள் தடை. 2017 இலிருந்து அது 61 நாள்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒன்று சொல்வோம். பத்திரம் மார்ச் 31 உடன் முடிந்துவிடும். ஒருவரின் பத்திரத்தில் துணைவரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் பிடிக்கலாம்; ஆனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கைதான். எந்த மீனுக்கு எப்போது காலம், என்ன அளவு என்று பத்திரம் வாங்கும் கடையிலேயே கேளுங்கள். யூன் தொடக்கத்து மீன்பிடி விழா நாட்களில் பத்திரம் வேண்டாம். மற்ற விதிகள் அப்போதும் உண்டு.

மே கடைசியில் மறுபடியும் போனோம். அதே முதியவர் கைகாட்டினார். "அந்தப் பெரிய மீன் முட்டை போட்டிருக்குமா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

போட்டிருக்கும் என்றோம்.