ஊர் மாறினால் மொழி வருமா?

ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் பல்கலைக்கழக விடுதிகளை உள்ளூர் மாணவர்கள் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் அதே அறைகளுக்குச் சீனா, தாய்லாந்து, சவூதி அரேபியா, துருக்கி, ஜப்பான் என்று பல நாடுகளிலிருந்து வேறு மாணவர்கள் பெட்டியோடு வந்து சேர்வார்கள். செப்டம்பர் கடைசியில் இவர்களுக்கு முதுநிலைப் படிப்பு தொடங்க வேண்டும். ஆனால் துறை கேட்ட ஆங்கில மதிப்பெண் கையில் இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 கேட்ட இடத்தில் 6 எடுத்தவருக்குச் சுமார் ஆறு வாரம், 5.5 எடுத்தவருக்குப் பத்து அல்லது பன்னிரண்டு வாரம் என்று பல்கலைக்கழகமே ஒரு கோடைக்கால ஆங்கிலப் பயிற்சியை வைத்திருக்கிறது. அதில் தேறினால் மறுபடி தேர்வு எழுதாமலே படிப்பில் சேரலாம். இந்த வகுப்புகளை நடத்துவதுதான் எங்கள் தொழில். அனுப்பிவைக்கும் பெற்றோரும் வந்து சேரும் மாணவரும் ஒரே விஷயத்தை நம்பித்தான் செலவு செய்கிறார்கள்: ஆங்கிலம் பேசும் நாட்டில் இருந்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும். தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும் என்பதைப் போன்ற நம்பிக்கை இது. நாடு மொழியைக் கற்றுத் தராது; எந்த வேலைக்காக, எத்தனை மணி நேரம் அந்த மொழியை ஒருவர் பயன்படுத்துகிறார் என்பதுதான் கற்றுத் தரும். பாடத்திட்டத்தை இதிலிருந்து தொடங்கினால்தான் கோடைக்கால வகுப்புக்கு அர்த்தம் உண்டு என்பது என் கருத்து.

முதலில் மணிக்கணக்கு. மொழித் திறனைப் படிப்படியான நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின் பி2 நிலையை எட்ட 500 முதல் 600 மணி நேரமும், அதற்கு மேலுள்ள சி1 நிலையை எட்ட 700 முதல் 800 மணி நேரமும் ஆசிரியர் துணையுடன் படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் தோராயமான மதிப்பீடு. அதாவது ஒரு படி ஏற ஏறத்தாழ 200 மணி நேரம். வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஆறு வாரத்தில் கிடைப்பது 120 மணி நேரம்தான். மீதியை ஊர் தரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் அந்த வளாகத்தில் பேசிப் பழக உள்ளூர் மாணவர்கள் இல்லை. ஆசிரியர்களில் பலர் விடுமுறையில் இருப்பார்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் பல இடங்களில் ஒரே நாட்டவர். விடுதிச் சமையலறையில் சீனம் பேசலாம், கைப்பேசியில் சீன அரட்டைச் செயலியான வீசாட் இருக்கிறது, கடையில் சாமானை நாமே ஸ்கேன் செய்து அட்டையைத் தட்டிவிட்டு வாயைத் திறக்காமல் வெளியே வரலாம். லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் மளிகை, சாப்பாடு, கோயில் எல்லாவற்றையும் தமிழிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே யாரும் யாரையும் ஆங்கிலம் பேசக் கட்டாயப்படுத்துவதில்லை.

ஊர் மட்டும் மொழியைத் தந்துவிடாது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி மூவரும் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்களை மூன்று குழுக்களாக ஒப்பிட்டார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பில் படித்தது. இன்னொன்று பிரான்சுக்குப் போய் ஒரு பருவம் படித்தது. மூன்றாவது அமெரிக்காவிலேயே இருந்து கோடையில் முழுநேரத் தீவிரப் பயிற்சி எடுத்தது. பேச்சில் சரளம் மிக அதிகமாகக் கூடியது பிரான்சுக்குப் போனவர்களுக்கு அல்ல, உள்நாட்டிலேயே இருந்த கோடைக் குழுவுக்கு. அவர்கள் வகுப்புக்கு வெளியிலும் அதிக நேரம் பிரெஞ்சில் பேசினார்கள், எழுதினார்கள். பிரான்சில் இருந்தவர்களோ வகுப்பு முடிந்ததும் பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தினார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரி 1915 முதல் நடத்திவரும் கோடைக்கால மொழிப் பள்ளிகளில், படிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று மாணவர்கள் உறுதிமொழி எடுப்பதன் நோக்கமும் இதுவே. அங்கே ஊருக்குப் பதிலாக ஒரு விதி அந்த வேலையைச் செய்கிறது.

பயன்பாட்டு நேரம் முக்கியம் என்றால், எந்தப் பயன்பாடு என்பது அதைவிட முக்கியம். அன்றாடப் பேச்சு மொழியும் கல்விக்கான மொழியும் வேறு வேறு வேகத்தில் வளர்பவை என்று கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய குழந்தைகளுக்குப் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டில் கைகூடியபோது, பாடத்துக்கு வேண்டிய மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆனது. எங்கள் மாணவருக்கு இருப்பதோ சில வாரங்கள். இதற்கு மேல், அவர் எழுதிவிட்டு வந்த தேர்வு ஒன்றைக் கேட்கிறது, பல்கலைக்கழகம் வேறொன்றைக் கேட்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். கட்டுரைக்கு நாற்பது நிமிடத்தில் 250 சொற்கள் எழுதினால் போதும். எதையும் படித்துவிட்டு வர வேண்டாம், யாரையும் மேற்கோள் காட்ட வேண்டாம். முதுநிலை வகுப்பிலோ இருபது கட்டுரைகளைப் படித்து, அவற்றுக்குள் இருக்கும் முரண்பாட்டைக் கண்டு, தன் நிலைப்பாட்டைச் சில ஆயிரம் சொற்களில் நிறுவ வேண்டும். முன்னதில் 7 வாங்கியவரும் பின்னதில் திணறுவதில் வியப்பில்லை.

ஆகவே கோடைக்கால வகுப்பின் முதுகெலும்பு ஒரு நீண்ட கட்டுரையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாணவர் தன் துறையிலிருந்தே தலைப்பை எடுத்து, சான்றுகளைத் தேடி, இரண்டு மூன்று வரைவுகள் எழுதி, ஒவ்வொரு வரைவையும் ஆசிரியரோடு தனியே உட்கார்ந்து பேச வேண்டும். அந்த இருபது நிமிடப் பேச்சில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் இருக்கிறது. வரைவு முழுவதையும் சிவப்பு மையால் திருத்தித் தருவது எளிது; மாணவரும் அதைத்தான் விரும்புவார். ஆனால் விகுதிப் பிழை இல்லாத பத்தியிலும் வாதம் இல்லாமல் இருக்கலாம். ‘இந்தப் பத்தியில் நீங்கள் சொல்வது என்ன, அந்த ஆய்வாளர் சொல்வது என்ன?’ என்று கேட்டு, மாணவர் வாயாலேயே பிரித்துச் சொல்ல வைக்க வேண்டும். பிறர் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுவதைத் திருட்டு என்று மட்டும் பார்க்கும் அணுகுமுறை எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அது வேறு சொற்களில் சொல்லத் தெரியாததன் விளைவு. பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் சொற்களை மட்டும் மாற்றிப் போடக் கற்றுக்கொள்வார். மூலத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்து, பிறகு எழுதப் பழக்கினால் படித்ததைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்வார். சொல்வளத்துக்கு மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் உதவும். அதிலுள்ள 570 சொற்குடும்பங்கள் கல்வி நூல்களில் வரும் சொற்களில் சுமார் பத்து சதவீதம். அதைத் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, மாணவர் தன் கட்டுரைக்காகப் படிக்கும் பக்கங்களில் அந்தச் சொற்களைக் குறித்துவரச் செய்வது நல்லது.

பேச்சுக்கும் இதே திட்டமிடல் வேண்டும். தெருவில் போகிறவரை நிறுத்திப் பேட்டி எடுத்து வரும்படி மாணவர்களை அனுப்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒருமுறை கேட்டு ஒருமுறை பதில் வாங்கும் அந்த உரையாடலில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போக வழியில்லை. அறக்கட்டளைக் கடையில் வாரம் ஒரு நாள் தன்னார்வலராக நிற்கும் மாணவருக்கு அதே மனிதர்களோடு மறுபடி மறுபடி பேச வேண்டி வருகிறது. போன வாரம் விட்ட பேச்சைத் தொடர வேண்டியிருக்கிறது. மொழி ஆழம் பெறுவது அப்படிப்பட்ட தொடர்ச்சியில்தான். விடுதி அறைகளை நாடு கலந்து ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்பதும் ஆசிரியர் வேலையில் சேர்ந்ததே. அப்படியானால் தாய்மொழியைத் தடை செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. கடினமான ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, ஒரே நாட்டு மாணவர் இருவர் தங்கள் மொழியில் விவாதித்துத் தெளிந்தால், அடுத்த அரை மணியில் அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வது கூர்மையாக இருக்கும். மிடில்பரி மாணவர் மொழிக்காகவே வருகிறார். நம் மாணவரோ பொருளாதாரமோ பொறியியலோ படிக்க வருகிறார். அவருடைய சிந்தனையை அவரிடமிருந்து பறித்துவிட்டு மொழியை மட்டும் கொடுக்க முடியாது.

இவ்வளவும் வகுப்பறை வேலைதானே, இதற்கு எதற்கு விமானம் ஏற வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 2020-இல் கொரோனாவால் இந்தப் பயிற்சிகள் இணையத்துக்கு மாறியபோது அதற்குப் பாதி விடை கிடைத்தது. வாசிப்பும் கட்டுரையும் வரைவின் மேல் பேசும் பேச்சும் திரையிலும் நன்றாகவே நடக்கும். திரையில் குறைவது வேறு. கருத்தரங்க மேசையில் இருவர் பேச்சுக்கு நடுவே எப்போது நுழைவது, ஆசிரியர் சொன்னதை மரியாதை குறையாமல் எப்படி மறுப்பது, புரியாததை எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது என்பவை உடலோடு சேர்ந்து பழக வேண்டியவை. வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு ஆகியவற்றைப் படிப்பு தொடங்கும் முன்பே முடித்துவிட்ட மாணவர் அக்டோபரில் பாடத்தைக் கவனிக்க முடியும். இவற்றுக்காகப் போகலாம். பணம் இடிக்கிறது என்றால், நல்ல இணைய வகுப்பு இருக்கும் இடத்தில் அதை எடுப்பதில் பெரிய நட்டம் இல்லை. எங்கள் வகுப்புகளில் சேர்க்கை குறைந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இன்னும் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை நம்பியிருக்கும் பல்கலைக்கழகங்கள், தேர்வில் தேறாதவர்களைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதற்கே இந்தப் பயிற்சியை வைத்திருக்கின்றன என்கிறார்கள். பயிற்சி தருபவரே மதிப்பெண்ணும் போட்டு, அந்த மதிப்பெண்ணால் கட்டண வருவாயும் அமையும்போது இந்தச் சந்தேகம் எழாமல் இருக்காது. 1972-இல் பல்கலைக்கழக ஆங்கில ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கி இன்று பேலீப் என்று அழைக்கப்படும் அமைப்பு, பயிற்சிகளை நேரில் ஆய்ந்து அங்கீகாரம் தருகிறது. ஒரு விடைத்தாளை இருவர் தனித்தனியே திருத்தும் முறையும் பல இடங்களில் உண்டு. இவை உதவும், ஆனால் போதாது. தேறாத மாணவரைத் தேறவில்லை என்று சொல்லும் ஆசிரியர், கோடைக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவராக இருந்து, அடுத்த கோடைக்கும் அதே வேலையை எதிர்பார்க்க வேண்டியவராக இருக்கக் கூடாது. தேறியவரையும் செப்டம்பரோடு கைவிடக் கூடாது. ஆறு வாரத்தில் கற்றது முதல் பருவத்தின் முதல் கட்டுரையில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. அந்தக் கட்டுரை எழுதப்படும் நவம்பரிலும் வரைவைப் பார்க்க மொழி ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் துறைப் பேராசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். அந்த நேரத்துக்கான சம்பளத்தை மாணவர் கட்டியிருக்கும் கட்டணத்திலிருந்தே பல்கலைக்கழகம் ஒதுக்க வேண்டும்.